போர்டில் ஒரு விலை, போனில் ஒரு விலை

போன வாரம்தான் என் போன் ரிப்பேர் முடிந்து கைக்கு வந்தது. திரை உடைந்து இரண்டு வாரம் கடையில் கிடந்தது. அதே வாரத்தில், கோயம்புத்தூரிலிருந்து டாலஸுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, ஆபீஸ்ல எல்லாரும் இந்த பர்கர் கடை ஆப்பைப் போட்டுக்கச் சொல்றாங்க. போடலாங்களா?" நான்கு வருடமாக அந்த ஆப்பை வைத்திருப்பவன் நான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். அமெரிக்கா முழுக்கக் கிளைகள் உள்ள கடை என்றால் போதும்.

என் பையனுக்குச் செவ்வாயும் வியாழனும் நீச்சல் பயிற்சி. ஏழு மணிக்கு முடியும். தண்ணீரை விட்டு வெளியே வரும் பிள்ளையின் பசி, வீடு போய்ச் சேரும் இருபத்தைந்து நிமிடம் பொறுக்காது. நீச்சல் குளத்துக்கு எதிரே இந்தக் கடை. ஒரு சிக்கன் சாண்ட்விச் காம்போ, எனக்கு ஒன்றும் வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து இதுதான் வழக்கம்.

ஆப்பைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. பையன் உடை மாற்றும்போதே ஆர்டர் போட்டுவிடுவேன். வண்டி கடையை நெருங்கும்போது உள்ளே தகவல் போய்விடும், அப்போதுதான் ஃப்ரைஸை எண்ணெயில் இறக்குவோம் என்று அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சொன்னார். பையைத் திறந்தால் ஆவி வரும், உப்பு விரலில் ஒட்டும். நான்கு வருடத்தில் ஆறிப்போன ஃப்ரைஸ் கிடைத்தது இரண்டே தடவை. ஒருமுறை சாண்ட்விச்சே இல்லாமல் பை வந்தது. ஆப்பில் புகார் போட்டேன், அன்று இரவே பணம் திரும்பிவிட்டது. கவுன்ட்டரில் நின்று கேட்டிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

போன் இல்லாத அந்த இரண்டு வாரத்தில் நான்கு தடவை கடைக்குள் போய், தலைக்கு மேலே இருக்கும் போர்டைப் பார்த்து வாங்கினேன். காம்போ 11.79 டாலர். ஆப்பில் 30 சதவீதக் கூப்பனோடு நான் கொடுத்துவந்தது 8.25. நான்கு தடவைக்கு 14.16 டாலர் கூடுதல், வரி தனி. பணம் பெரிதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பழைய ரசீதுகளை மெயிலில் தேடிப் பார்க்கத் தோன்றியது. என் முதல் ரசீதில் அதே காம்போ, கூப்பன் எதுவும் இல்லாமல், 7.89.

அன்றைக்கு எல்லோருக்கும் இருந்த விலைக்கும், இன்றைக்குத் தள்ளுபடி போக நான் கொடுக்கும் விலைக்கும் 36 சென்ட்தான் வித்தியாசம். நான் தள்ளுபடி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டது ஏறக்குறைய பழைய விலை. போர்டில் விலையை ஏற்றிவிட்டார்கள். போன் நம்பரையும், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருக்கிறேன் என்பதையும் கொடுப்பவருக்கு மட்டும் பழைய விலையைத் திருப்பித் தருகிறார்கள். மற்றவர்கள் புது விலை கொடுக்கிறார்கள்.

விலையே ஏறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் மாடுகளின் எண்ணிக்கை 1951க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே கிடையாது. அரைத்த மாட்டிறைச்சி 2025ல் பவுண்டு 6 டாலரைத் தாண்டிவிட்டது. கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரல் 1 முதல் பெரிய ஃபாஸ்ட் ஃபுட் நிறுவனங்களின் கடைகளில் மணிக்கு 20 டாலர் குறைந்தபட்சக் கூலி. எங்கள் டெக்சாஸில் சட்டப்படி 2009லிருந்து அதே 7.25தான், ஆனால் அந்தக் கூலிக்கு யார் வருவார்கள்? எங்கள் கடைக் கதவிலேயே 14 டாலர் என்று ஒட்டியிருக்கிறது. அந்தத் தம்பிக்கு அது கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். மெக்டொனால்ட்ஸ்கூட விலை ஏறிவிட்டது என்ற பேச்சைத் தாங்க முடியாமல் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. கனெக்டிகட்டில் ஒரு நெடுஞ்சாலைக் கடையில் பிக் மேக் காம்போ ஏறத்தாழ 18 டாலர் என்ற படம் 2023ல் ஊரெல்லாம் சுற்றியது. 2024 மே மாதம் அமெரிக்கப் பிரிவின் தலைவர் ஜோ எர்லிங்கர் திறந்த கடிதம் எழுதினார்: அது ஒரு கடையில் மட்டும் இருந்த விலை, பிக் மேக்கின் சராசரி விலை 2019ல் 4.39 டாலர், 2024ல் 5.29, அதாவது 21 சதவீத ஏற்றம் என்று. அடுத்த மாதமே 5 டாலர் சாப்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். செலவு ஏறினால் விலை ஏறும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு. 2024 பிப்ரவரியில் வெண்டீஸ் என்ற பர்கர் நிறுவனத்தின் அன்றைய தலைவர் கர்க் டேனர், கடைகளில் டிஜிட்டல் போர்டு வைக்க 2 கோடி டாலர் செலவழிக்கப் போவதாகவும், 2025 முதல் நேரத்துக்கு ஏற்ப மாறும் விலையைச் சோதித்துப் பார்க்கப் போவதாகவும் முதலீட்டாளர்களிடம் சொன்னார். கூட்ட நேரத்தில் பர்கர் விலை ஏறுமா என்று நாடே கொதித்தது. ஏற்ற மாட்டோம், கூட்டம் இல்லாத நேரத்தில் குறைத்துக் கொடுக்கத்தான் அந்த போர்டு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை. மூன்று மணிக்கு 8, ஏழு மணிக்கு 11 என்றால், மூன்று மணிக்குக் குறைத்தார்கள் என்றும் சொல்லலாம், ஏழு மணிக்கு ஏற்றினார்கள் என்றும் சொல்லலாம். பசியோடு வரும் பிள்ளைக்கு ஏழு மணிதான் உண்டு.

எங்கள் கடையில் ஒரு நாள் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். பிற்பகல் 2 முதல் 5 வரை இரண்டு சாண்ட்விச் 7 டாலர். பள்ளி சீக்கிரம் விட்ட நாள், 4.56க்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பிள்ளைகளோடு ஒரு அம்மா. ஐந்து மணிக்கு போர்டின் நடுப்பகுதி ஒரு நொடி கறுப்பானது. மறுபடி வெளிச்சம் வந்தபோது அந்த 7 டாலர் இருந்த இடத்தில் மில்க்‌ஷேக் படம். கவுன்ட்டரில் இருந்த பெண் பாவம், பட்டனை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, சிஸ்டம் எடுக்கவில்லை என்றார். எனக்குப் பின்னால் இருந்த அம்மா கையில் மடித்து வைத்திருந்த நோட்டை விரித்துப் பார்த்தார், பிள்ளைகளிடம் ஏதோ சொன்னார், ஒரே ஒரு சாண்ட்விச் வாங்கிப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தார். காகிதத்தில் அச்சடித்து ஒட்டிய விலையாக இருந்தால், நாலு நிமிடம் வரிசையில் நின்றவருக்கு அந்தப் பெண்ணே தன் பொறுப்பில் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இப்போது அந்த அதிகாரம் அவர் கையில் இல்லை.

இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜூலையில் பயிற்சிக்கு லீவு, ஆறு வாரம் போகவில்லை. ஐந்தாவது வாரம் ஆப்பில் 'உங்களுக்காக ஒரு சாண்ட்விச் இலவசம்' என்று வந்தது. வாரம் இரண்டு தடவை தவறாமல் போய் நின்ற மாதங்களில் அப்படி ஒன்று ஒரு தடவைகூட வந்ததில்லை. எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் வாடிக்கைக்காரருக்குத்தான் கொசுறு. இங்கே வராமல் போனவருக்கு.

இதையெல்லாம் சொன்னபோது நண்பர் கேட்டார்: "தீபாவளிக்கு ஆம்னி பஸ்காரங்க பண்ற மாதிரிங்களா அண்ணா?" கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் ஆம்னி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் குறைவாகக் கொடுத்திருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே புக் செய்திருப்பார். இங்கே ஒரே நிமிடம், ஒரே வரிசை, ஒரே எண்ணெயில் பொரித்த ஃப்ரைஸ்.

போன் திரும்பி வந்த அன்று செவ்வாய்க்கிழமை. பழகிய கால் கடைக்குள்ளேயே போய்விட்டது. எனக்கு முன்னால் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர். கண்ணாடிக் கதவில் பெரிதாக ஒட்டியிருந்த 6 டாலர் சாப்பாட்டைக் காட்டி அது வேண்டும் என்றார். சின்ன பர்கர், நான்கு நக்கெட், ஃப்ரைஸ், குளிர்பானம். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஆப்பில் மட்டும்'. அதே சாமான்கள் கவுன்ட்டரில் 9.29. பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடக்கு போனை எடுத்து, "என்னிடம் இதுதான் இருக்கிறது" என்று காட்டினார். யாரையும் குறை சொல்லவில்லை. குளிர்பானத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு என்று கேட்டார்.

நான் என் போனில் போட்டுத் தருகிறேன் என்றேன். முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் சம்மதித்தார். வரியோடு 6.50. ஆறு ஒற்றை டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி என் கையில் வைத்து, மேலே இரண்டு கால் டாலர் நாணயங்களை வைத்தார். ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதற்கப்புறம் பையனின் காம்போவுக்குக் கூப்பனைத் தொட்டால், இன்றைக்கான டீல் முடிந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று வந்தது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். 11.79, வரியோடு 12.76 கட்டினேன். ஃப்ரைஸ் வழக்கம்போல அருமையாக இருந்தது.

நண்பருக்கு என் பதில்: ஆப் நன்றாக இருக்கிறது, வேகமாக இருக்கிறது, பணமும் மிச்சம் ஆகும். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. நீங்கள் போட வேண்டாம் தம்பி. நான் வியாழக்கிழமை போவேன், பையனுக்கு ஏழு மணிக்குப் பசிக்கும். உள்ளே போய் போர்டு விலையில்தான் வாங்கப் போகிறேன். கவுன்ட்டரில் வாங்குபவர்களும் இருக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கில் ஏறட்டும்.