அபாயத்தை முன்கூட்டியே கணிக்கும் பயிற்சி: மகளோடு நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

மகள் கார் ஓட்டப் பழக ஆரம்பித்தபோதே, சாலை அபாயங்களைக் கணிக்கும் வீடியோ பயிற்சியையும் சேர்த்துச் செய்ய வைத்தேன். இப்போது தனியாக ஓட்டுகிறாள். நல்ல பயிற்சிதான். ஆனால் திரையோடு நிறுத்தினால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

பிரிட்டனில் 2002 முதல் உரிமத் தேர்வில் இருக்கும் முறைதான் இது. ஓட்டுநர் பார்வையில் காட்சி ஓடும். ஆபத்து உருவாகத் தொடங்கியதும் கிளிக் செய்ய வேண்டும். உடனே பிடித்தால் 5 மதிப்பெண், தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். கண்டபடி கிளிக் செய்தால் பூஜ்யம்.

முதலில் மாறியது அவள் பார்வைதான். புதிதாக ஓட்டுபவர்கள் காருக்கு நேர் முன்னால் உள்ள சாலையையே பார்ப்பார்கள். ஜீப்ரா கிராசிங் பக்கத்தில் லாரி நின்றால் அவளும் லாரியைத்தான் பார்ப்பாள். இப்போது அது ஏன் நிற்கிறது என்று யோசித்து, வேகத்தைக் குறைத்து, லாரியின் முன் விளிம்பில் கண் வைக்கிறாள். அடியில் யாருடைய கால்களாவது தெரிகிறதா என்றும் பார்க்கிறாள். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும் என்பதால், ஒரு நொடி முந்திக் கவனிப்பதே பெரிய விஷயம்.

குறை என்னவென்றால், காட்சிகள் சீக்கிரம் மனப்பாடமாகிவிடும். அப்புறம் எங்கள் டேஷ்கேம் பதிவுகளை நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்க ஆரம்பித்தேன். காரிலும் கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னேன். "அந்தக் காரோட முன்சக்கரம் திரும்புது, வெளிய வரப்போகுது" என்று அவளாகச் சொன்ன அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. நெரிசலான சந்திப்பில் மட்டும் பேசச் சொல்லாதீர்கள், கவனம் சிதறும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 16 முதல் 18 வயது ஓட்டுநர்களிடம் 'ராப்ட்' என்ற இதே போன்ற பயிற்சியைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற பையன்களிடம் விபத்து விகிதம் கிட்டத்தட்ட 24 சதவீதம் குறைவாக இருந்தது. பெண்களிடம் அப்படித் தெளிவான வித்தியாசம் இல்லை. அதனால் பெண் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை என்று நான் நினைக்கவில்லை. என் மகளிடம் வந்த மாற்றத்தைப் பக்கத்து சீட்டிலிருந்தே பார்த்தேன்.

நாங்கள் பயன்படுத்தியதில் இரவுக் காட்சிகள் மிகவும் குறைவு. எதிரே வரும் ஹெட்லைட் கண்ணைக் கூசும்போது வேகத்தைக் குறைத்து, சாலையோரக் கோட்டைப் பார்த்து ஓட்டுவதை நேரடியாகத்தான் பழக்க வேண்டியிருந்தது.