லண்டனில் இரண்டு எம்.ஏ.: கியூரேட்டருக்கு ஒன்று, கலை வணிகத்துக்கு ஒன்று

கண்காட்சி அமைக்கும் வேலைக்குப் (அதுதான் கியூரேட்டர் வேலை) போகப் போகிறீர்களா, படைப்புகளை விற்கும் வேலைக்கா? கட்டணம் கட்டும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள். ஒரே கேலரியில் அடுத்தடுத்த மேசைகளில் நடக்கும் வேலைகள்தான் என்றாலும் படிப்பு முற்றிலும் வேறு.

ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் கியூரேட்டிங் எம்.ஏ. 1992இல் தொடங்கியது. வெகுகாலம் இரண்டு ஆண்டாக இருந்ததை இப்போது ஓராண்டாகச் சுருக்கிவிட்டார்கள். இதன் பெரிய பலம், மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து வெளியே உள்ள ஒரு கலை அமைப்புக்காக நிஜமான திட்டம் ஒன்றைச் செய்து முடிப்பது. சிக்கலும் அங்கேதான். கண்காட்சிக்காகப் படைப்பை இரவல் கேட்பதானால், பெரிய மியூசியங்கள் அந்தக் கோரிக்கையைப் பல மாதங்கள் முன்கூட்டியே எதிர்பார்க்கும். ஓராண்டுப் படிப்பில் அதற்கு நேரம் இருக்காது. ஓவியரிடமிருந்து நேரடியாக வாங்கக்கூடியவை, வீடியோ, புதிதாகச் செய்யச் சொல்பவை என்று திட்டமிடுவதே நல்லது.

இரவல் கிடைத்தாலும் நிபந்தனைகள் கடுமை: காகிதப் படைப்புகளுக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்ச அளவு), ஈரப்பதம் பெரும்பாலும் 40–60 சதவீதம், சுவரிலிருந்து கழற்றி மறுபடி அதே சுவரில் மாட்டும்வரை காப்பீடு. பெட்டி திறக்கும் ஒவ்வொரு முறையும், படைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று நிலை அறிக்கை எழுத வேண்டும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, நான்கு மூலைகளையும் எப்போதும் ஒரே வரிசையில் படமெடுங்கள். வரிசை மாறினால் கீறல் எந்தப் பயணத்தில் விழுந்தது என்று காட்ட முடியாது. காப்பீட்டுத் தொகை இழுபறியாகிவிடும்.

சோத்பீஸ் இன்ஸ்டிடியூட் 1969இல் சோத்பீஸ் ஏல நிறுவனத்தின் ஊழியர் பயிற்சியாகத் தொடங்கியது. பெயரைப் பார்த்து ஏல நிறுவனத்தில் வேலை உறுதி என்று நம்ப வேண்டாம். இன்று இன்ஸ்டிடியூட்டின் உரிமையாளர் வேறு. இங்கே 'ஆர்ட் பிசினஸ்' எம்.ஏ. எடுப்பவர்கள் சட்டப் பாடத்தைத்தான் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 2020 ஜனவரி முதல் 10,000 யூரோவும் அதற்கு மேலும் போகும் கலை விற்பனைக்குக் கறுப்புப்பணத் தடுப்பு விதிகள் உண்டு: வாங்குபவர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று கேலரியே சரிபார்த்தாக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்பவரிடம் முதலில் வந்து விழும் கோப்பு பெரும்பாலும் இதுதான்.

ஒரு படைப்பு இதுவரை யார் யார் கையில் இருந்தது என்ற உரிமை வரலாற்றைத் தேடுவதன் அருமை பத்தூர் நடராஜர் வழக்கில் விளங்கும். 1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சிலை, போலியான உரிமை வரலாற்று ஆவணத்தோடு 1982இல் லண்டனில் கைமாறியது. புதைந்து கிடந்த சிலை எந்தத் திருட்டுப் பதிவேட்டிலும் இருக்காது. ஆகவே பதிவேட்டில் இல்லை என்பது நற்சான்று ஆகாது. அதே ஊரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு மண்ணையும் கரையான் தடத்தையும் ஒப்பிட்டுத்தான் நிரூபித்தார்கள். கோயிலே உரிமை கோரலாம் என்று 1991இல் அப்பீல் கோர்ட் ஏற்றது. நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

எங்கள் தீர்ப்பு: கேலரியிலோ மியூசியத்திலோ ஏற்கெனவே வேலை பார்த்தவருக்கு ராயல் காலேஜ் நன்றாகப் பயன்படும், அனுபவமே இல்லாதவருக்கு அந்த ஓராண்டு போதாது. சொந்தமாக கேலரி தொடங்க நினைப்பவருக்கு சோத்பீஸ். வெளிநாட்டு மாணவர் கட்டணம் இரண்டிலும் கனமானது. விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.