ஷெல் ஸ்கிரிப்டில் நிறம்: நேரடிக் குறியீடா, டிபுட்டா?

நீளமாக ஓடும் ஸ்கிரிப்டில் பிழை சிவப்பாகத் தெரிந்தால் கண் தானாக அங்கே போய்விடும். இதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. டெர்மினலுக்கு நிறத்தைச் சொல்லும் ஆன்சி குறியீட்டை நாமே எழுதலாம், அல்லது அதைத் தரும் டிபுட் கட்டளையிடம் கேட்டு வாங்கலாம்.

நேரடிக் குறியீடு எளிது. எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்புக்குறி, எண், கடைசியில் சிறிய எம். 31 சிவப்பு, 32 பச்சை, 1 தடித்த எழுத்து. 0 போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இன்றைய டெர்மினல்களில் ஏறக்குறைய எல்லாமே இதைப் புரிந்துகொள்ளும். தொல்லை கொடுப்பது, எழுத்தைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளை. பாஷ் ஷெல்லில், எஸ்கேப்பைப் புரிந்துகொள்ளச் சொல்லும் மைனஸ் இ போட்டு எழுதியதை டெபியனிலோ உபுண்டுவிலோ எஸ்எச் மூலம் ஓட்டினால், அங்கே இருப்பது டேஷ் என்ற வேறு ஷெல் என்பதால் அந்த மைனஸ் இ-யும் திரையில் வந்து நிற்கும். எக்கோவுக்குப் பதில் பிரிண்ட்எஃப் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

டிபுட், டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் சூழல் மாறியைப் பார்த்து, டெர்மின்ஃபோ என்ற தரவுத்தளத்தில் அந்த டெர்மினலுக்கு உரியதை எடுத்துத் தரும். டெர்ம் 'டம்ப்', அதாவது நிறம் காட்டத் தெரியாத டெர்மினல், என்றிருந்தால் நிறமே தராது, நல்ல குணம். ஆனால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஓடும்போது டெர்ம் அமைக்கப்படாமல் இருந்தால் பிழைச் செய்தி கொட்டும். ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் டிபுட்டைத் தனியாக நிறுவினால்தான் கிடைக்கும். ஒவ்வொரு அழைப்பும் ஒரு புது பிராசஸ் என்பதால் லூப்புக்குள் வைக்காதீர்கள். ஸ்கிரிப்டின் தலையிலேயே மாறிகளில் வாங்கி வைத்துவிடுங்கள்.

டிபுட் பயன்படுத்தினால் லாக் கோப்பு சுத்தமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இருக்காது. வெளியீடு கோப்புக்குப் போகிறதா, திரைக்குப் போகிறதா என்று அது பார்ப்பதில்லை. கோப்பில் வரியின் தொடக்கத்திலேயே எஸ்கேப் உட்கார்ந்துவிடும். அப்புறம் 'பிழை' என்று தொடங்கும் வரிகளை கிரெப்பில் தேடினால் ஒன்றும் சிக்காது. எந்த வழியானாலும், வெளியீடு திரைக்குத்தான் போகிறதா என்று பார்க்கும் மைனஸ் டி 1 சோதனையை நாம்தான் வைக்க வேண்டும். திரையாக இல்லாவிட்டால் நிற மாறிகள் காலியாக இருக்கட்டும். நோ_கலர் சூழல் மாறி இருந்தாலும் அப்படியே. நிறம் வேண்டாம் என்பவரின் விருப்பம் அது.

சிவப்பு, பச்சை, தடிப்பு மட்டும் போதுமென்றால் நான் பிரிண்ட்எஃப்பும் நேரடிக் குறியீடும்தான் எடுப்பேன். திரையின் அகலத்துக்குக் கோடு போடவோ கர்சரை நகர்த்தவோ வேண்டுமென்றால் டிபுட். அகலத்தை அதன் 'கால்ஸ்' ஒரே சொல்லில் சொல்லிவிடும்.