உழவர் சந்தையா, தெய்க்கேயா?

தெய்க்கேய் என்பது ஜப்பானில் குடும்பங்கள் விவசாயியோடு நேரடியாகப் பேசிவைத்துக் காய் வாங்கும் முறை. உழவர் சந்தை, தெய்க்கேய் இரண்டிலும் இடைத்தரகர் கிடையாது. ஒற்றுமை அவ்வளவுதான்.

1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில், அடையாள அட்டை உள்ள விவசாயி கமிஷன் இல்லாமல் விற்கலாம். அன்றன்றைய விலை பலகையில் இருக்கும். கத்தரிக்காய் சொத்தையா? நாம் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவோம். விற்காமல் நின்றதன் நஷ்டம் விவசாயி தலையில்தான்.

1970களில் ஜப்பானில் வளர்ந்த தெய்க்கேய் வேறு மாதிரி. சில குடும்பங்கள் சேர்ந்து விவசாயியோடு பேசி விலையை முடிவு செய்கின்றன. விளைந்ததை எல்லாம் எடுத்துக்கொள்கின்றன. முள்ளங்கி சீசன் என்றால் வாரக்கணக்கில் முள்ளங்கிதான்! அப்புறம், பிரித்துக் கொடுக்கும் வேலையிலும் கைகொடுக்க வேண்டும். பூச்சிமருந்து அடிக்காமல் பயிர் செய்பவருக்கு, விளைந்ததை எல்லாம் எடுத்துக்கொள்வார்கள் என்ற உறுதி பெரிய பலம்.

நஞ்சில்லாத காய்தான் முக்கியம் என்றால், என் ஓட்டு தெய்க்கேய்க்கு. தினம் பார்த்துப் பொறுக்கி வாங்கினால்தான் திருப்தி என்பவர்களுக்குச் சந்தையே சரி.