ஐஎல்-2 1946-ஆ, டிசிஎஸ்-ஆ? மாட் போட்டுப் பறப்பவருக்கு எது நின்று பிடிக்கும்

ஐஎல்-2 1946, டிசிஎஸ் வேர்ல்ட் இரண்டும் கணினியில் போர் விமானம் ஓட்டும் சிமுலேட்டர்கள், சுருக்கமாகச் சிம். மாட் என்பது ரசிகர்கள் செய்து அவற்றில் சேர்க்கும் விமானம், வரைபடம் போன்றவை. ஒரு டிபி எஸ்எஸ்டியில் டிசிஎஸ் வேர்ல்டையும் அதன் வரைபடங்களையும் ஏற்றினால் பாதி இடம் அங்கேயே போய்விடும். மிச்சத்தில் விண்டோஸ், வேலைக் கோப்புகள், வீட்டுப் படங்கள் என்று எல்லாம் இருக்க வேண்டும். அதனால் ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு மற்றதைச் சுருக்க வேண்டிய நிலை வந்தது. நான் முழுதாக வைத்துக்கொண்டது 2006-ல் வந்த ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் 1946-ஐ, அதன் மேல் பிஏடி என்ற பெரிய மாட் பேக்கோடு. டிசிஎஸ் ஒரே ஒரு வரைபடம், சில விமானங்கள் என்ற அளவுக்கு ஒடுங்கிவிட்டது.

யாருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். கண்ணுக்கு அழகு டிசிஎஸ்தான், அதில் போட்டியே இல்லை. மேகம், கடல், காக்பிட்டில் விழும் வெயில், ஒவ்வொரு சுவிட்சும் சொடுக்கினால் வேலை செய்வது, எல்லாம் அந்தப் பக்கம். டிசிஎஸ் அடிப்படை இலவசம், சு-25டி விமானம் அதோடேயே வரும், ஆனால் முழு நுணுக்கத்தோடு செய்து தனியாக விற்கும் விமானம், அதாவது மாட்யூல், ஒன்று பெரும்பாலும் 50 டாலருக்குப் பக்கத்தில் தொடங்கும். ஐஎல்-2 1946 தள்ளுபடி நாளில் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கும், மாட்கள் எல்லாம் இலவசம். சரி, இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எது வேண்டும் என்பது நீங்கள் எதற்காகப் பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே விமானத்தை உள்ளும் புறமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர் ஒரு ரகம். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட வானத்தில் என்ன நடந்தது என்று படித்துவிட்டு அதைத் திரும்பச் செய்துபார்க்க ஆசைப்படுபவர் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. எனக்குப் பிடித்தது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு. ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் காலையில் வந்து இறங்கியபோது ரத்மலானையில் 30-வது ஸ்குவாட்ரன், கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் 258-வது ஸ்குவாட்ரன், இரண்டிலும் ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்கள். முந்தின நாளே லெனார்ட் பர்ச்சால் என்ற கனடிய விமானி தன் கேட்டலினா ரோந்து விமானத்திலிருந்து கப்பற்படையைப் பார்த்துச் செய்தி அனுப்பியிருந்தும், ரத்மலானைக்காரர்கள் தலைக்கு மேல் குண்டுவீச்சு விமானங்கள் வந்த பிறகுதான் ஓடுதளத்தை விட்டே கிளம்பினார்கள். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9-ல், திருகோணமலை. அங்கே ரேடார் முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததால் சீனக்குடாவின் 261-வது ஸ்குவாட்ரன் மேலே ஏறிக் காத்திருக்க முடிந்தது. அன்றைக்குத்தான் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், தளத்தில் ஒரு விமானம்கூட இல்லாமல், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

இதை டிசிஎஸ்-இல் செய்ய முடியுமா? முஸ்டாங் உண்டு, ஸ்பிட்ஃபயர் 9 உண்டு, மெஸ்ஸர்ஷ்மிட் கே-4 உண்டு, மாஸ்கிட்டோகூட உண்டு. ஆனால் ஓட்டுவதற்கு ஹரிக்கேன் மாட்யூலும் இல்லை, ஜப்பானியப் போர் விமானமான ஜீரோவின் மாட்யூலும் இல்லை. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில், மேற்கு ஐரோப்பாவில் நிற்கும்வரை டிசிஎஸ் பிரமாதம். அதை விட்டு விலக விலகக் கை வெறுமையாகிறது. ஐஎல்-2 1946-இலோ 2004-ல் வந்த பசிபிக் ஃபைட்டர்ஸ் உள்ளேயே அடங்கியிருப்பதால் ஜீரோ, வால் (Val) என்ற ஜப்பானியக் குண்டுவீச்சு விமானம், ஹரிக்கேன், விமானந்தாங்கிக் கப்பல்கள் எல்லாம் மாட் போடுவதற்கு முன்பே இருக்கின்றன. மாட் போட்டால் முதல் உலகப் போர், இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட காலம், இரண்டாம் உலகப் போர், ஜெட் காலம் என்று நான்கு தனித்தனி வாசல்கள் திறக்கும். எதை ஆட வேண்டுமோ அதை மட்டும் தேர்ந்து கிளப்பலாம்.

மிஷன் கட்டுவதும் அப்படித்தான். எஃப்எம்பி என்ற கருவியில் வரைபடத்தின் மேல் புள்ளி வைத்து வழி போட்டு, வேகம், உயரம், நேரம் கொடுத்துச் சேமித்தால் கிடைப்பது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து திருத்தலாம். கொழும்புக்குப் பதிலாகச் சிங்கப்பூர் வரைபடத்தை எடுத்துக்கொண்டேன், தீவு, துறைமுகம், கரையோர விமானத்தளம் என்று வேண்டியது இருக்கிறது, அவ்வளவு போதும். ஹரிக்கேன்கள் ஓடுதளத்தில் உருளத் தொடங்கும் நேரத்தையும் வால் குண்டுவீச்சு விமானங்கள் மேலே வரும் நேரத்தையும் ஒட்டவைத்துவிட்டால், சக்கரம் உள்ளே போவதற்கு முன்பே முதுகில் சுடுகிறார்கள். தப்பி மேலே வந்துவிட்டாலும் ஜீரோவோடு வளையமடிக்கப் போனால் ஒரே சுற்றில் உங்கள் வாலுக்குப் பின்னால் வந்துவிடும். அன்றைக்கு ஏன் அத்தனை ஹரிக்கேன்கள் விழுந்தன என்று புத்தகத்தில் படித்தது அப்போதுதான் உறைக்கும்.

ஸ்கின், அதாவது விமானத்தின் மேல் போர்த்தும் வண்ணப்படம், அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஎல்-2 ஸ்கின் என்பது 1024-க்கு 1024, 256 நிறம் மட்டுமுள்ள ஒரு பிஎம்பி படம். பெயிண்ட்ஸ்கீம்ஸ் ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. தென்கிழக்காசியப் போர்முனை என்று பெயர் போட்டுக் கிடைக்கும் ஹரிக்கேன் ஸ்கின்கள் பலவற்றில் வட்டச் சின்னத்தின் நடுச் சிவப்பு இருக்காது, வெறும் நீலமும் வெளிர் நீலமும்தான். ஜப்பானியச் சூரியனோடு குழப்பிக்கொண்டு சொந்த விமானத்தையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சிவப்பை எடுத்தது பின்னால் நடந்தது. 1942 ஏப்ரலுக்குச் சிவப்பு நடுவட்டம் இருக்க வேண்டும். பெயிண்ட் செயலியில் இரண்டு வட்டம் போட்டால் தீர்ந்தது. டிசிஎஸ் ஸ்கின் இதைவிட எத்தனையோ மடங்கு அழகு, ஆனால் பளபளப்புக்குத் தனிப் படம், மேடுபள்ளத்துக்குத் தனிப் படம், எல்லாவற்றையும் கோக்க ஒரு லுவா கோப்பு என்று போகும். அதை ரசித்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இனி நான் முடிவெடுக்கக் காரணமான விஷயம்: பராமரிப்பு. மாட் போடுவது பெரிய வித்தையில்லை, போட்ட மாட் அடுத்த வருடமும் ஓட வேண்டும். டிசிஎஸ் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மென்பொருள், அடிக்கடி அப்டேட் வரும். அதில் மாட்கள் உட்காரும் இடங்கள் இரண்டு. நிறுவிய ஃபோல்டருக்குள் கை வைத்து மாற்றிய கோப்புகள், ரிப்பேர் கொடுத்தவுடன் பழையபடி ஆகிவிடும். சேவ்டு கேம்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மாட்ஸ், லிவரீஸ் (ஸ்கின்கள்) ஃபோல்டர்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கோப்பு பிழைத்தால் மட்டும் போதாது. இலவச மாட் விமானம் ஒன்று தான் பறக்கும் விதத்தைத் தீர்மானிக்கும் கணக்கைத் தனி டிஎல்எல் கோப்பில் வைத்திருக்கும், ஆயுதங்களைச் சிம்முக்குள் இருக்கும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும், வெளிச்சம் விழும் விதத்துக்குச் சிம்மைத்தான் நம்பியிருக்கும். உள்ளே இவற்றில் ஏதாவது மாறினால் வெளியே இருக்கும் மாட்டை யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும். 2018-ல் டிசிஎஸ் 2.5 பதிப்பு வந்தபோது வெளிச்சக் கணக்கே மாறியது, பழைய முறையில் செய்த ஸ்கின்கள் வெளிறியும் பிளாஸ்டிக் போலவும் தெரிந்தன, மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. முன்பெல்லாம் நிலையான பதிப்பு, ஓப்பன் பீட்டா என்ற சோதனைப் பதிப்பு என்று இரண்டு இருந்தன, பீட்டாவில் மாட் உடைந்தால் நிலையானதில் ஒதுங்கிக்கொள்ளலாம். 2024-ல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இதில் நிறுவனத்தைக் குறை சொல்ல ஏதுமில்லை, வளரும் மென்பொருள் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் மாட் செய்தவருக்குக் கல்யாணமாகி, வேலை மாறி, ஆர்வம் போய்விட்டால் அந்த விமானம் அத்தோடு முடிந்தது.

ஏ-4இ ஸ்கைஹாக் போன்ற மாட்கள் தொடர்ந்து ஓடுவதற்குக் காரணம், பின்னால் ஒரு குழுவே இருந்து அப்டேட்டுக்கு அப்டேட் ஈடுகொடுப்பது. அந்த உழைப்புக்குத் தலைவணங்க வேண்டும். எல்லா மாட்டுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

ஐஎல்-2 1946 பக்கம் நேர் எதிர். 2007 வாக்கில் அதன் பூட்டிய கோப்புகளை யாரோ திறந்துவிட்டார்கள், ஆன்லைனில் ஏமாற்று வேலை பெருகிவிடும் என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது, அப்புறம் அடங்கியது. விளையாட்டின் பெரும்பகுதி ஜாவாவில் எழுதப்பட்டிருப்பதால் உள்ளே போய்த் தோண்டுவது சுலபமாக இருந்தது. டீம் டைடலோஸ் என்ற தன்னார்வக் குழு அதிகாரபூர்வப் பேட்ச்களை 4.09-லிருந்து தொடர்ந்து கொடுத்தது. ஆனால் பெரிய மாட் பேக்குகள் 4.12.2 என்ற பதிப்பில் நங்கூரம் போட்டுவிட்டன. அதன் பிறகு வந்த அதிகாரபூர்வப் பதிப்பைப் பற்றி அவை கவலைப்படுவதில்லை. அடித்தளம் அசையாததால் பத்து வருடம் முன்பு யாரோ செய்த விமானம் இன்றும் அப்படியே பறக்கிறது, செய்தவர் எங்கே போனாலும் சரி. சரித்திரத்துக்காகப் பறப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அழகாக இருக்கும் சிம்மைவிட அசையாமல் இருக்கும் சிம் எனக்கு முக்கியமாகிவிட்டது.

இதற்காக ஐஎல்-2 மாட் போடுவது பூப்பறிக்கிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் விளையாட்டின் சுத்தமான நகல் ஒன்றை எடுத்து ஸ்டீம் ஃபோல்டருக்கு வெளியே வைக்க வேண்டும், பேட்ச்களை வரிசை பிசகாமல் போட வேண்டும், அப்புறம்தான் மாட் பேக். வரிசை தப்பினால் ஏற்றும் பட்டை 60 சதவீதத்திலோ 70 சதவீதத்திலோ நின்று, சத்தமில்லாமல் டெஸ்க்டாப்புக்குத் திரும்பிவிடும், எந்த விளக்கமும் வராது. கான்ஃப்.ஐஎன்ஐ கோப்பில் பதிவை இயக்கிவிட்டு லாக்.எல்எஸ்டி கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் பார்த்தால் எந்தக் கோப்பைத் திறக்க முடியாமல் விழுந்தது என்று எழுதியிருக்கும். ஒரு விமானத்தைச் சேர்ப்பது என்பது ஏர்.ஐஎன்ஐ-இல் ஒரு வரி சேர்ப்பது, பெயர்க் கோப்பில் ஒரு வரி, ஆயுதக் கோப்பில் சில வரிகள். ஆயுத வரி விட்டுப்போனால் விமானம் பட்டியலில் இருக்கும், குண்டு தேர்ந்தெடுக்கும் இடம் மட்டும் காலியாக நிற்கும். பிடிக்காவிட்டால் ஏர்.ஐஎன்ஐ வரியை அழித்தால் விமானம் போய்விடும். இந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. என்றாலும் இது 32-பிட் நிரல், நினைவக வரம்பு உண்டு. ஆசைப்பட்டு ஒரே மிஷனில் ஒரு கப்பற்படையையே நிறுத்தினால் மூச்சுத் திணறும். பறக்கும் கணக்கும் மாட்டுக்கு மாட் வேறுபடும், சிலது அருமை, சிலது வேறு ஏதோ விமானத்தின் உடம்பில் புதுச் சட்டை போட்டது என்று பறந்ததுமே தெரிந்துவிடும்.

இந்திய விமானப்படை மீதுதான் ஆர்வம் என்றால் என் சிபாரிசு கொஞ்சம் தளரும். 1944-ல் இம்ஃபாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த 1-வது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்களுக்கு ஐஎல்-2 போதும். 2025 செப்டம்பரில் ஓய்வுபெற்ற மிக்-21-ஐக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால் டிசிஎஸ்-இன் மிக்-21பிஸ்-க்கு இணை கிடையாது. அதை இறக்கும் வேகத்தையும், மூக்குக்கு முன்னால் ஒன்றுமே தெரியாத அந்தக் காக்பிட்டையும் அனுபவித்தால்தான் நம் விமானிகள் தினம் என்ன செய்தார்கள் என்று விளங்கும். தஞ்சாவூரில் 222-வது ஸ்குவாட்ரன் பறக்கும் சு-30எம்கேஐ-க்கும் டிசிஎஸ்-இல் இலவச மாட் உண்டு. அது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பராமரிப்பு பற்றி மேலே சொன்னது அதற்கும் பொருந்தும். டிசிஎஸ்-ஐ நான் முழுதாக நீக்காமல் வைத்திருப்பதே அந்த மிக்-21-க்காகத்தான்.

மற்ற சிம்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் பறப்பதற்கு இவை எல்லாவற்றையும்விட இனிமையாக இருக்கலாம், ஹரிக்கேனும் இருக்கிறது. ஆனால் ரஷ்ய முனையும் மேற்கு ஐரோப்பாவும்தான் அதன் உலகம், பசிபிக் கிடையாது, மாட்டுக்கான இடமும் குறைவு. ஃபால்கன் பிஎம்எஸ் என்பது 1998-ல் வந்த ஃபால்கன் 4.0-ஐ ரசிகர்கள் உயிரோடு வைத்திருக்கும் அதிசயம், அதன் கொரியப் போர்க்களம் தானாகவே நகரும். எஃப்-16 பைத்தியம் என்றால் அங்கே போய்விடுங்கள். கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் 2011-ல் ஓட்டை உடைசலோடு வந்தது, டீம் ஃப்யூஷன் என்ற மாட் குழு அதைத் தேற்றி, கடைசியில் அவர்கள் கையாலேயே 2017-ல் பிளிட்ஸ் பதிப்பு அதிகாரபூர்வமாக வெளிவந்தது. பிரிட்டன் வான்போர் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது.

விஆர் தலைக்கவசம் வைத்திருப்பவர்கள் என் பேச்சை இந்த விஷயத்தில் கேட்க வேண்டாம். நான் அதில் பறந்ததே கொஞ்சம்தான், அதுவும் நண்பர் வீட்டு டிசிஎஸ்-இல். அந்தக் கொஞ்சத்தை வைத்துச் சொன்னால் விஆர்-க்கு டிசிஎஸ்தான் சரி. ஆன்லைனில் பலரோடு பறப்பதிலும் எனக்குப் பழக்கம் குறைவு. டிசிஎஸ் சர்வர்கள் கோப்புகள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதால் நிறுவல் ஃபோல்டரைத் தொட்டிருந்தால் சில சர்வர்கள் உள்ளே விடாது என்பது வரை சொல்ல முடியும்.

டிசிஎஸ்-ஐயே எடுப்பதானால் மாட்களைச் சேவ்டு கேம்ஸ் ஃபோல்டரில் மட்டும் வைத்து, ஓவிஜிஎம்இ மாதிரி மாட் மேலாளர் ஒன்றின் வழியாகப் போட்டு எடுங்கள், அப்டேட் வந்த அன்றே அழுத்தாமல் மாட் குழு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். ஐஎல்-2 எடுப்பவர்கள் எல்லாம் சரியாக ஓடும் நிலையில் அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி வட்டில் நகல் எடுத்துவிடுங்கள். கணினி மாறினால் நகலைப் போட்டு விளையாட்டின் .exe கோப்பைத் தட்டினால் பெரும்பாலும் அப்படியே கிளம்பிவிடும், புதுத் திரைக்கு ஏற்ப கான்ஃப்.ஐஎன்ஐ-இல் அகலம், உயரம் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.