நிலவைப் படமெடுக்க: போன் கிளாம்ப்பா, டிஎஸ்எல்ஆரா?

என்னிடம் இருப்பது 114 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி, 900 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்ட நியூட்டோனியன் டெலஸ்கோப், அதாவது லென்ஸுக்குப் பதில் குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கிற வகை. அதில் நிலவைப் படமெடுக்க இரண்டு வழி. போனை ஐபீஸோடு (கண் வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ்) சேர்த்துப் பிடிக்கிற கிளாம்ப் ஒன்று. லென்ஸைக் கழற்றிவிட்டு டிஎஸ்எல்ஆர் கமராவை டி-ரிங் என்ற இணைப்பு வளையம் போட்டு நேரே மாட்டுவது மற்றது. நான் கிளாம்ப்பைத்தான் வாங்கினேன். மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடி என்று கடலோரத்தில் குடியிருக்கிற எவருக்கும் அதையே சொல்வேன்.

படத்தின் தரத்தில் டிஎஸ்எல்ஆர் மேல், அதில் சந்தேகமில்லை. 900 மில்லிமீட்டருக்கு நிலவு சென்சாரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அகலத்தில் விழும், முழு நிலவும் ஒரே படத்தில் தாராளமாக அடங்கும், கமரா மெருகேற்றாத மூலப் பதிவான ரோ கோப்பும் கிடைக்கும். ஆனால் சின்ன நியூட்டோனியன்கள் பலவற்றில் கமரா போதிய அளவு உள்ளே போகாது, ஃபோகஸே வராது, இடையில் உருவத்தைப் பெரிதாக்குகிற ஒரு பார்லோ லென்ஸ் போட வேண்டிவரும். கமராவின் பாரமும் ஐபீஸ் மாட்டுகிற குழாயான ஃபோகஸரைக் கீழே இழுக்கும்.

இதெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது உப்புக் காற்று. கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இரவில் வெளியே வைத்த எதையும் ஒரு மணித்தியாலம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், விரல் பிசுபிசுக்கும். அந்தக் காற்றில் லென்ஸைக் கழற்றிய கமராவைத் திறந்து மாட்டி, பிறகு இருட்டிலேயே கழற்றி மூடும்போது, தூசியும் ஈரமும் உள்ளே போக வாய் திறந்து வைத்த மாதிரிதான். சென்சாரில் ஒட்டிய பொட்டு ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வரும். கழற்றி வைத்த லென்ஸை ஈரத்தோடு பைக்குள் போட்டுவிட்டால் மாரி முடிவதற்குள் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்த லென்ஸைப் பிறகு விற்கவும் முடியாது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், அந்த ஜெல்லை அடிக்கடி காயவைக்கிற வேலை என்று வருடம் முழுக்கப் பராமரிப்புதான். போனுக்கோ இந்தத் தொல்லை இல்லை, அதன் சென்சார் எப்போதும் மூடியே இருக்கிறது, வெளிக் கண்ணாடியைத் துடைத்தால் போதும். உப்பு படிவது ஐபீஸில், அதை வேலை முடிந்ததும் மூடி வைக்கலாம், கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். டெலஸ்கோப்பின் பெரிய கண்ணாடி எந்த வழிக்கும் பொதுவான கவலை. அதைத் துணியால் தேய்க்கவே வேண்டாம்.

போனில் நல்ல படம் வருமா என்றால், வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும். 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 36 மடங்கு, முழு நிலவும் தெரியும். பல லென்ஸ் உள்ள போனில் பிரதான லென்ஸை மட்டும் ஐபீஸுக்கு நேரே வையுங்கள், அது தானாக வேறு லென்ஸுக்குத் தாவினால் திரை கறுத்துவிடும். திரையில் நிலவை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தை நன்றாகக் குறையுங்கள், பள்ளங்களின் விளிம்பு வெள்ளையாகக் கரையாமல் தெரிகிற வரைக்கும். விரல் பட்டால் ஆடும், ஆகவே டைமர். இன்னும் நல்லது வீடியோ எடுப்பது: டெலஸ்கோப் நகராமல் நின்றால் நிலவு தன் அகலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும், அதற்குள் கிடைக்கிற பிரேம்களில் தெளிவானவற்றை ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் பொறுக்கி அடுக்கித் தரும்.

போயா விடுமுறை என்று பூரணை நாளில் டெலஸ்கோப்பை வெளியே எடுக்க ஆசை வரும், ஆனால் அன்று நிழலே இராது, படம் தட்டையாக இருக்கும். வளர்பிறை அட்டமி முதல் தசமி வரை எடுங்கள். 93 கிலோமீட்டர் அகலமான கொப்பர்னிக்கஸ் பள்ளம் தசமியை ஒட்டித்தான் இருளின் ஓரத்தில் சுவரும் நிழலுமாக எழுந்து நிற்கும், அதைப் போனிலேயே பிடித்துவிடலாம்.

ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறவர், கடலுக்கு எட்டத்தில், அம்பாறை நகர் அல்லது இங்கினியாகலைப் பக்கம் இருக்கிறவர் என்றால் என் வாதம் பாதியாகிவிடும். டெலஸ்கோப்பும் லென்ஸ் வகை என்றால் ஃபோகஸ் தொல்லையும் குறைவு, டி-ரிங் வாங்குங்கள். மடிக்கணினியில் இணைக்கிற கோள்களைப் படமெடுப்பதற்கான சின்னக் கமராக்களை நான் பயன்படுத்தியதில்லை, அதனால் அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை.

கிளாம்ப் வாங்கும்போது உங்கள் ஐபீஸின் வெளி விட்டத்துக்கும் போனின் அகலத்துக்கும் பிடி சரியாக வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், சாதாரண இரும்பு இங்கே சீக்கிரம் இறுகிவிடும்.