தீ எச்சரிக்கை அமைப்பு மாற்றும் சங்கங்களுக்கு: ஆர்டர் போட்ட சான்றைக் கையில் வாங்காமல் தவணை கொடுக்காதீர்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தீ எச்சரிக்கை அமைப்பு, கேமரா, லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்ற வேலைகளை ஒப்பந்தத்துக்கு விடவிருக்கும் நிர்வாகிகள் எங்களுக்கு நேர்ந்ததை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் சென்னைக் குடியிருப்பு 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. தமிழ்நாட்டு விதிகளின்படி உயரமான கட்டடம். 2021 இறுதியில் பழைய அலாரத்தை முழுவதும் மாற்றும் வேலையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம்.

பொருள் வந்து இறங்க இறங்கப் பணம் தருவது என்பது ஒப்பந்தம். கேபிளும் குழாயும் புகை உணரிகளும் உடனே வந்தன. அவற்றுக்கான தவணைகளும் உடனே போயின. எல்லாவற்றையும் இயக்கும் கண்ட்ரோல் பேனல் மட்டும் வரவில்லை. அதற்குள் பழைய பேனலைக் கழற்றி எடுத்துச் சென்றுவிட்டார்கள். நடைபாதைக் கூரையில் வரிசையாகப் பொருத்தப்பட்ட புதிய உணரிகளில் தூசி படியாமலிருக்கப் போடும் ஆரஞ்சு நிற மூடிகள் மாதக்கணக்கில் அப்படியே இருந்தன. மூடி இருக்கும் வரை புகை உள்ளே நுழையாது. முதியவர்களும் குழந்தைகளும் வசிக்கும் கட்டடம் அத்தனை நாளும் காவலின்றிக் கிடந்தது என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

கேட்டபோதெல்லாம், “உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு சார், கம்பெனியிலிருந்தே வரவில்லை” என்றார்கள். தட்டுப்பாடு உண்மைதான். 2021 பிப்ரவரியில் டெக்சஸ் கடுங்குளிரால் அங்கிருந்த சிப் ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானில் ரெனசாஸ் என்ற சிப் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. 2022 வசந்த காலத்தில் ஷாங்காய் ஊரடங்கில் முடங்கியது. அந்த உண்மையே அவர்களுக்கு மறைவிடமாகவும் இருந்தது. கொள்முதல் துறையில் பணிபுரியும் எங்கள் குடியிருப்பாளர் ஒருவர் அந்தப் பேனலின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் எழுதிக் கேட்டபோது, எங்கள் கட்டடத்துக்கென்று ஆர்டரே வரவில்லை என்று பதில் வந்தது. வரிசையில் நின்று தாமதமானது வேறு. வரிசையிலேயே நிற்காதது வேறு.

இதைச் சொன்னதும், வேறொரு நிறுவனத்தின் பேனலைக் கொண்டுவந்து மாட்டினார்கள். இவ்வகை அமைப்பில் ஒவ்வோர் உணரிக்கும் தனி முகவரி உண்டு. பேனல் அதைக் கூப்பிட்டுக் கேட்கும் முறை பெரும்பாலும் அந்தந்தத் தயாரிப்பாளருக்கே உரியது. ஆகவே கூரையிலிருந்த எந்த உணரியையும் அந்தப் பேனல் அடையாளம் காணவில்லை.

வேலையை ஒப்படைக்கும் வாரத்திலேயே, பேனல் போன்ற தாமதமாகும் பொருளுக்குத் தயாரிப்பாளரோ விநியோகஸ்தரோ கொடுத்த ஆர்டர் ஏற்புக் கடிதத்தை, மாடல் எண்ணும் அனுப்பும் தேதியும் உள்ளபடி, கேட்டு வாங்குங்கள். கேபிளுக்கான தவணையையும் அந்தக் கடிதம் வந்த பிறகே கொடுங்கள். புதிய பேனல் கட்டடத்துக்குள் வந்து சோதித்து முடியும் வரை பழையதைத் தொட விடாதீர்கள். சிப் தட்டுப்பாடு தணிந்துவிட்டது என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது: 2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் பல சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்று தாமதமாயின; இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருப்பதால், கேமரா வாங்குவோர் அந்த மாடலின் சான்றிதழையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

எங்கள் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. அந்த நிறுவனம் தாக்கல் செய்த பதிலில் சிப் தட்டுப்பாடு பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆர்டர் நகல் எதையும் இணைக்கவில்லை.